பிஜியில் ‘மழை இல்லாத மாதம்’ என்று நம்பிப் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

ஜன்னலோரம்

போய் வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் யாராவது குடை என்று சொன்னால் இன்னும் என் மனைவி என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாள். அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

நாங்கள் போனது ஜூலையில். மே முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதவாரி மழை அட்டவணையை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியே வைத்திருந்தேன். ஜூலைக்கு நேரே 50 மில்லிமீட்டர் சொச்சம். சென்னையில் ஒரு ஐப்பசி மாலையில் கொட்டுகிற மழை அதைவிட அதிகம். ஆறு இரவுக்கும் சூவாவிலேயே அறை போட்டேன். தலைநகரம், சந்தை, அருங்காட்சியகம், பக்கத்திலேயே தோலோ-இ-சூவா காடும் அருவியும், எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்று கணக்கு.

முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. பெருமழையாகப் பெய்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். நசநசவென்று விட்டு விட்டு, மேகம் மலை மேல் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற மழை. என் மகனுக்கு ஆறு வயது. தினமும் எழுந்தவுடன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். “இன்னைக்காப்பா?” நான் அட்டவணையைப் பார்ப்பேன்.

நான்காம் நாள், அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் கைபேசியில் அந்த அட்டவணையைக் காட்டினேன். இந்திய வம்சாவளி, அறுபது வயது இருக்கும். புகார் சொல்கிற தொனியில்தான் காட்டினேன், மறைப்பானேன். அவர் இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, நிதானமாகப் படித்தார். “இது நாண்டி” என்றார். பிறகு விரலால் தரையைக் காட்டி, “இது சூவா.” துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தலைப்பிலேயே ஊர் பெயர் இருந்திருக்கிறது. எழுத்தில் நாடி, வாயில் நாண்டி, தீவின் மேற்குப் பக்கத்து ஊர். மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் பார்த்த காகிதம்.

ஐந்தாம் நாள் பஸ் பிடித்து மேற்கே போனோம். பாதி வழி வரை கண்ணாடியில் நீர் வழிந்தது, இரண்டு பக்கமும் காடு, வாழை, பெரணி. சிங்கடோக்கா நெருங்க நெருங்க வெளிச்சம் மாறியது. மலைச்சரிவில் புல் பழுத்து வைக்கோல் நிறம். அதே தீவு, அதே சாலை, அதே நாள். ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி, அவ்வளவுதான். மகன் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே தயாராக உட்கார்ந்துவிட்டான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

—

பாய்மரத்தான்

உங்களுக்காவது மழை, கண்ணுக்குத் தெரிகிற எதிரி. எனக்குக் காற்று.

ஆகஸ்ட், யாசவா தீவுகள், அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போனேன். ஆகாயம் துடைத்து வைத்த மாதிரி நீலம். நாண்டி பக்கத்து டெனராவ் துறையில் காலையில் அந்தப் பெரிய கட்டமரானில் ஏறும்போது, ‘பார்த்தாயா, வறண்ட பருவம்’ என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். மாமனுத்தா தீவுகளைத் தாண்டும் வரை சரி. அதற்குப் பிறகு அந்தத் தென்கிழக்குக் காற்று பிடித்தது. பையை நீட்டிக்கொண்டு வரிசையாக எல்லோரும் வாந்தி. அதெல்லாம் பெரிதில்லை.

போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பெரிய படகு தீவுகளில் கரை சேராது. நடுக்கடலில் நிற்கும், விடுதியிலிருந்து சின்னப் படகு வந்து பக்கத்தில் அணையும், நாம் இதிலிருந்து அதற்குத் தாண்ட வேண்டும். அன்றைக்குச் சின்னப் படகு ஒரு முறை என் முழங்காலுக்குக் கீழே, ஒரு முறை மார்புக்கு நேரே. அப்பாவுக்கு 71 வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு, ஆனால் யாரும் கை கொடுத்தால் பிடிக்காது. நான் கையைப் பிடித்திருந்தேன். படகு இறங்கிய நேரத்தில் பயத்தில் விட்டுவிட்டேன். விட்டேன் என்பதுதான் உண்மை. படகில் இருந்த பிஜி இளைஞன் எழுந்து நின்று, அப்பாவை இரண்டு கைகளாலும் குழந்தையைத் தூக்குவது போல வாரி எடுத்து பலகையில் உட்கார வைத்தான். சிரித்துக்கொண்டே “பூலா, தாத்தா” என்றான். பூலா என்றால் அங்கே வணக்கம். தாத்தா என்ற சொல்லை யாரிடம் கற்றானோ.

அப்பா மாலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் மந்தா திருக்கை பார்க்கலாம் என்று கூப்பிட்டேன், மே முதல் அக்டோபர் வரை தீவுகளுக்கு நடுவில் இருக்கிற நீரிணைப் பக்கம் வரும் என்று அதற்காகவே ஆகஸ்ட் போட்டிருந்தேன். “நீ போய்ட்டு வா” என்றார். போனேன். திருக்கை வந்தது, என் தலைக்குக் கீழே, ஒரு சாப்பாட்டு மேசையைவிட அகலம். மனம் ஒட்டவில்லை.

மழை அட்டவணையில் காற்றுக்கு ஒரு கட்டம் கிடையாது. அதை மட்டும் சொல்ல வந்தேன்.

—

சிட்னி சித்தப்பா

ஜன்னலோரம் தம்பி, சூவாவில் ஆறு நாள் போட்டது முழுக்க முழுக்க உங்கள் தவறு. கோபித்துக்கொள்ள வேண்டாம், இருபது வருடமாக இங்கிருந்து பிஜிக்குப் போய் வருகிறவன் சொல்கிறேன்.

என் கதை சின்னது. முதல் தடவை போனபோது பவளக் கரை என்று சொல்கிற தெற்குக் கடற்கரையில் விடுதி. காலை எட்டு மணிக்குப் புது முகமூடி, புதுத் துடுப்புச் செருப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினால் கடலைக் காணோம். ஓதம் வற்றிப்போய்ப் பாறை பாறையாகப் பவளம், கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு பையன் குச்சியை வைத்துக்கொண்டு பொந்து பொந்தாகக் குத்தி ஆக்டோபஸ் தேடிக்கொண்டிருந்தான். என் காலை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை பார்த்தான். நானும் ஏதோ நடைப்பயிற்சிக்கு வந்தவன் மாதிரி அந்தச் செருப்போடு சளக் சளக்கென்று கால் மணி நேரம் நடந்தேன்.

சரி, இனி விஷயம்.

ஒன்று, சூவாவும் நாண்டியும் இருக்கிற பெரிய தீவு விட்டி லெவு, அதன் நடுவில் மலை. உச்சி 1,324 மீட்டர், தோமனிவி என்று பெயர். தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று ஈரத்தோடு வந்து அந்தப் பக்கச் சரிவில் இறக்கி வைத்துவிட்டு, மேற்கே வெறுங்கையோடு போகும். நமக்குப் புரியாத விஷயமா? தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைகிறது, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வருவது ஆடிக் காற்று. அதே கதைதான், திசை மட்டும் வேறு. சூவா ஆலப்புழை, நாண்டி திருநெல்வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூவாவில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, எந்த மாதமும் முழுதாக விடாது. நாண்டி, லௌடோக்கா, மாமனுத்தா, யாசவா எல்லாம் மலையின் மறைவுப் பக்கம். தவேயுனிக்குப் போகிறவர்கள் எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு எடுங்கள். அதைத் தோட்டத் தீவு என்று சும்மா சொல்லவில்லை.

இரண்டு, ஜூலையில் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை, செப்டம்பர் கடைசியிலும் உண்டு. அந்த வாரங்களில் விமானமும் அறையும் விலை ஏறிக் கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மே மாதம் அல்வா மாதிரி. உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்களுடையதுகளுக்குப் பள்ளி. மழை ஓய்ந்திருக்கும், கடலில் இன்னும் சூடு மிச்சமிருக்கும், காற்றும் ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. பாய்மரத்தான் தம்பி, அப்பாவை மறுபடியும் கூட்டிப் போவதாக இருந்தால் மே. இல்லாவிட்டால் டெனராவுக்கு அருகிலேயே உள்ள, துறை இருக்கிற தீவாகப் பாருங்கள். துறை உண்டா என்று முன்பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

மூன்று, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிஜியில் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் சிட்னி, மெல்போர்ன் வழியாகப் போனால், விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறினாலும் ஆஸ்திரேலிய இடைமாற்று விசா வேண்டும். அது இல்லாமல் சென்னையிலேயே நிறுத்தப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து நேராக நாண்டிக்குச் சுமார் பத்து மணி நேர விமானம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

நான்கு, ஊறுகாய், பொடி, விதை எது கொண்டு போனாலும் அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். கறிவேப்பிலையைப் பையில் ஒளித்து வைக்காதீர்கள்.

ஐந்து, இரவில் நாண்டியிலேயே 18 டிகிரிக்கு இறங்கும். உள்ளே மலை கிராமங்களில் இன்னும் குறையும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று.

ஆறு, நவம்பர் முதல் ஏப்ரல் வரை யாரும் போகாதீர்கள். முடிந்தது.

—

அரைக்கால்சட்டை

சித்தப்பா, ஆறாவது கட்டளைக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறேன்.

நான் போனது பிப்ரவரி. அறை பாதி விலை. காலை முழுக்க வெயில், மூன்று மணிக்கு மேல் இடி, ஒரு மணி நேரம் அடித்து ஊற்றும், பிறகு தவளைச் சத்தம். நீங்கள் எல்லாம் ஜூலையில் 25 டிகிரிக் கடலில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவீர்கள். எனக்குக் கடல் வெந்நீர்.

ஒரு நாள் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. கண் மட்டத்துக்குத் தண்ணீர். ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி நிற்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை நாற்று நட்ட மாதிரி. தலைக்கு மேலே வரும் மழை குளிர், கழுத்துக்குக் கீழே கடல் சூடு. இதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை, பாய்மரத்தான்.

வெள்ளம் வரும் என்பது உண்மைதான். நாண்டி கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சுவரில் என் தோளுக்கு மேலே ஒரு கோடு போட்டிருந்தது. என்ன என்றேன். “2012” என்றார் கடைக்காரர், அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழேதான் புடவைகள் அடுக்கியிருந்தார்.

—

கருங்குயில்

அரைக்கால்சட்டை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகத்தான் நினைத்தேன். முடியவில்லை.

2016 பிப்ரவரி 20, சனிக்கிழமை. நான் நாண்டி பக்கம் ஒரு விடுதியில் இருந்தேன். நாங்களும் பாதி விலையைப் பார்த்துத்தான் போனோம். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள். விருந்தினர் எல்லோரையும் ஒரு கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். வின்ஸ்டன் புயல் கிழக்கே கோரோ தீவைத் துடைத்துவிட்டு, விட்டி லெவுவின் வடகரையில் ராக்கிராக்கி பக்கம் கரையேறியது. எங்களுக்கு ஓரம்தான் பட்டது. அந்த ஓரமே போதும், கதவுக்குப் பின்னால் யாரோ லாரியை நிறுத்தி விடாமல் முடுக்குகிற மாதிரி இரவெல்லாம்.

கூடத்தில் எங்களுக்குத் தேநீர் கொடுத்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள். இரவு, காலை, மறுநாள் முழுக்க அவள்தான். என் அம்மாவுக்குச் சர்க்கரை கூடாது என்று ஒரு முறை சொன்னதை நினைவில் வைத்துத் தனிக் கோப்பையில் கொண்டுவருவாள். திங்கட்கிழமை காலை அவள் வரவில்லை. கேட்டேன். வீடு ராக்கிராக்கியில், ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் செய்தி கிடைத்ததாம். சனி இரவிலிருந்து தொலைபேசி கிடைக்காமல், என்ன ஆயிற்றோ என்று தெரியாமல்தான் அவள் எங்களுக்குச் சர்க்கரை பார்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாடு முழுக்க 44 பேர் இறந்தார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மலை முழுக்க மரங்களில் ஓர் இலை இல்லை. கோடைகாலம் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு பிப்ரவரியும் அப்படி இருக்காது, எனக்கும் தெரியும். வெந்நீர்க் கடல் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எழுதிவிட்டேன்.

—

அரைக்கால்சட்டை

மன்னிக்கவும் அக்கா. நான் போனது வேறு வருடம். இருந்தாலும்.

—

கலிபோர்னியா கட்டுச்சோறு

இடையில் ஒரு சின்ன விஷயம், வானிலை இல்லை, நாள்காட்டி.

சான்பிரான்சிஸ்கோவில் வெள்ளிக்கிழமை இரவு ஏறினேன். பத்து, பதினோரு மணி நேரப் பயணம். சனிக்கிழமை காலை போய்ச் சேர்வோம் என்று மனதில் பதிந்துவிட்டது, சனிக்கிழமைப் படகுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். தேதிக்கோட்டைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை. பி.எச்டி. படித்தவன் நான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

துறையில் சீட்டு பார்த்த பெண் என் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். “உங்கள் படகு நேற்றுப் போய்விட்டது” என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக. யாசவாவுக்கு அந்தப் படகு ஒரு நாளைக்கு ஒன்றுதான், நினைவிருக்கட்டும். அன்றைக்கு அதில் இடமில்லை. ஞாயிறு வேறு, ஊரே தேவாலயத்தில். பூட்டிய கடைத்தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டு போனதும், எங்கிருந்தோ நாலு குரலில் பாட்டு கேட்டதும் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல பாட்டுதான்.

—

செம்பருத்தி

மழை வந்துவிட்டதே என்று அழுகிறவர்கள் நடுவில், மழை வராததற்காக ஒன்று.

செப்டம்பர், யாசவாவில் ஒரு சின்னத் தீவு. பன்னிரண்டே குடில்கள். மேகமே இல்லை, நாங்கள் கேட்டு வாங்கின வரம். குளியலறையில் ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்’ என்று ஓர் அட்டை. எல்லா விடுதியிலும் இருக்கிற அட்டைதானே என்று விட்டுவிட்டேன். உப்புத் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறிய நீளமான முடி. அலசி, மறுபடி அலசி, நிதானமாகக் குளித்தேன். பின்பக்கம் டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து பார்த்தால் சமையற்கட்டில் வேலை செய்கிற பெரியவர், மழைநீர்த் தொட்டியை ஒரு குச்சியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வருகிறார். காலியாக இருக்கிற வரை ஒரு சத்தம், தண்ணீர் இருக்கிற இடத்தில் வேறு சத்தம். சத்தம் மாறிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே முந்தைய நாட்களின் கோடுகள். கடைசி இரண்டு கோட்டுக்கும் நடுவில் மற்றவற்றைவிட இடைவெளி கூட. என் தலையிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து “பூலா” என்றார், வழக்கம் போல.

அன்று இரவு உணவின்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தீவில் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் பிடித்ததைத்தான் அக்டோபர் வரை ஓட்ட வேண்டும். தீர்ந்தால் படகில் வர வேண்டும். பசிபிக் கடல் சூடேறி மழை இடம் மாறுகிற எல் நினோ வருடங்களில் பிஜியின் மேற்குப் பகுதி காய்ந்துவிடும், 1997-98இல் கரும்பே கருகியதாம். அப்படிப்பட்ட வருடத்தில் மழை இன்னும் குறைவாக இருக்கும் என்று எங்களைப் போன்றவர்கள் சந்தோஷமாக முன்பதிவு செய்வோம். ஓதம், விசா, ஸ்வெட்டர் எல்லாம் சொன்ன சித்தப்பா இதைச் சொல்லவில்லை.

மீதி நாட்களுக்கு வாளியில் பிடித்துக் குளித்தேன். நம் ஊரில் பழகியதுதானே, சென்னையில் 2019இல் லாரிக்குக் குடத்தோடு நின்றவள் நான். அங்கே போய் எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

—

சிட்னி சித்தப்பா

செம்பருத்தி அம்மா, சரியான விஷயம். சேர்த்துக்கொள்கிறேன், ஏழாவது.

—

கரும்புக்கணு

சித்தப்பா எட்டாவதும் இருக்கிறது. மேற்கே போங்கள், வறண்டிருக்கும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டீர்கள், அங்கே அப்போது கரும்பு வெட்டு நடக்கும் என்று ஏன் சொல்லவில்லை? ஜூன் வாக்கில் ஆலை ஓட ஆரம்பித்தால் வருடக் கடைசி வரை ஓடும். சாலையோரம் பொம்மை ரயில் மாதிரி கரும்பு ரயில், லௌடோக்கா ஆலை வாசலில் லாரி வரிசை. அதெல்லாம் பார்க்க அழகுதான், நான் சொல்ல வந்தது வேறு.

லௌடோக்காவுக்கு வெளியே ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தோம். நடு இரவில் மழைச் சத்தம். நல்ல கனத்த மழை, ஓட்டுக்கூரையில் பெய்கிற மாதிரி சடசடவென்று. ‘அடப்பாவி, வறண்ட பருவமாம்’ என்று திட்டிக்கொண்டே துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினேன்.

ஒரு துளி இல்லை. வானம் ஆரஞ்சு. எதிரே இருந்த கரும்புத் தோட்டம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. கரும்பு வெடிக்கிற சத்தம்தான் அது. உயரமாக ஒரு சுவர் மாதிரி தீ, அதற்கு முன்னால் இரண்டு பேர் கையில் பச்சைக் கிளையோடு நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள், யாரோ மாடு மேய்க்கிற மாதிரி. நான் கையில் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பிறகு கரி விழ ஆரம்பித்தது. நூல் நூலாக, எடையே இல்லாமல், வெள்ளை வேட்டி மேல்.

மனைவிக்கு ஆஸ்துமா. இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கவில்லை. மூச்சுத் தொந்தரவு இருக்கிறவர்கள் சின்னத் தீவுகள் பக்கமே தங்கிவிடுங்கள்.

காலையில் அந்தத் தோட்டக்காரரிடம் பேசினேன். பூட்டன் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர், ஊர் பெயர் தெரியாது. 1903க்குப் பிறகு நம் பக்கத்து ஆட்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்களே, அந்தக் கணக்கில் வந்தவர்களாக இருக்கும். இப்போது மழை வந்தால் நல்லதுதானே என்று கேட்டுவைத்தேன், விவசாயியிடம் வேறு என்ன கேட்பது. பதறிவிட்டார். வெட்டு நேரத்தில் மழை வந்தால் லாரி வயலில் புதையும், கரும்பில் சர்க்கரை குறையும். “உங்களுக்கும் வெயில்தானே வேண்டும்?” என்றார். ஆமாம் என்றேன். “எனக்கும்” என்றார்.

—

தீச்சட்டி

கடைசியாக வருகிறேன், மன்னிக்கவும். ஜன்னலோரம் சூவாவைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சூவா போனது தீமிதிக்காக. ஹோவெல் சாலை மாரியம்மன் கோயில். பத்து நாள் விரதம், மஞ்சள் துணி, வேப்பிலை, உடுக்கை, எல்லாம் நம் ஊர்தான். அன்றைக்கும் தூறல். தீக்குழியைக் கிளறக் கிளற ஆவி வருகிறது, நெருப்புக்கு மேல் மழை விழுந்து உஸ் உஸ் என்கிறது, யாரும் கவலைப்படவில்லை. குடை பிடித்தவன் நான் ஒருவன்தான், வெட்கப்பட்டு மடக்கிவிட்டேன்.

என்னை அரிப்பது வேறு. பெண்கள் வரிசையில் ஒரு மூதாட்டி தமிழில் அம்மன் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். கையில் நோட்டு. எட்டிப் பார்த்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் பேசத் தெரியாது, அவர்கள் வீட்டில் பேசுவது பிஜி இந்தி. பாட்டு மட்டும் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அவருக்கு. நான் சென்னை என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். நோட்டைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். முத்து. இதற்கு என்ன அர்த்தம், சின்ன வயதிலிருந்து பாடுகிறேன், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலில் கிடைக்கிற முத்து என்று சொல்லி, அவர் காதில் இருந்த தோட்டைத் தொட்டுக் காட்டினேன். முகமெல்லாம் மலர்ந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “அம்மன் பாட்டுல முத்துன்னா அம்மைடா. உடம்பெல்லாம் போடுமே, அந்த முத்து. அம்மா முத்து எறக்கறதுன்னு கேட்டதே இல்லையா நீ?” என்றாள்.

இப்போது அந்தக் கோயிலில் அம்மன் தோடு போட்டுக்கொண்டிருக்கிறாள், என்னால். அடுத்த முறை எந்த மாதம் வெயில் என்று நான் பார்க்கப் போவதில்லை, தீமிதி எந்த வாரமோ அந்த வாரம் போய் அந்தம்மாவைத் தேட வேண்டும்.

—

பாய்மரத்தான்

தீச்சட்டி, முதலில் தப்பில்லை என்று எழுத வந்தேன், அழித்துவிட்டேன். போய்ச் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா, துறை இருக்கிற தீவுகளின் பெயர் இருந்தால் எழுதுங்கள். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

—

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா, தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். மனைவியிடம் நீங்கள் எழுதியதைக் காட்டியிருக்கிறேன், உங்களை அவளுக்குப் பிடித்துவிட்டது.

தீச்சட்டி எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. முதலில் எழுதியபோது தோன்றவே இல்லை. அறைக்கு வந்த அந்த அம்மா கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். இரண்டாம் நாளே எங்களிடம், பக்கத்தில்தான் கோயில், திருவிழா நடக்கிறது, பையனைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வாருங்கள் என்றார். நான் ஜன்னலைப் பார்த்துவிட்டு, மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்று சொன்னேன். மூன்றாம் நாளும் கேட்டார். அதையேதான் சொன்னேன். நான்காம் நாள் அவர் கேட்கவில்லை, நான்தான் அட்டவணையைக் காட்டினேன்.

அடுத்த வருடம் தீமிதி எந்த வாரம் என்று தெரிந்தால் எழுதுங்கள். குடை இருக்கிறது.